ட்ரவுட் மேலே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது ஏன்?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மே கடைசியில் ஹிமாச்சலில் தீர்த்தன் ஆற்றங்கரையில் நான்கு நாள் தங்கியிருக்கிறீர்கள். ஃப்ளை ராடு, அதாவது போலிப் பூச்சியை (ஃப்ளை) வீசும் தூண்டில் கோல், புதிது. வீடியோ பார்த்து வீசப் பழகியிருக்கிறீர்கள். ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் இருக்கும் மடுவில் ட்ரவுட் (குளிர்ந்த மலைத் தண்ணீரில் வாழும் மீன்) மேலே எழும்பி, நிமிர்ந்த இறக்கையும் நீண்ட வாலும் உள்ள ஒரு பூச்சியைத் தின்பது கண்ணுக்கே தெரிகிறது. உங்கள் ஃப்ளையைப் போட்டால் அதுவும் அடியிலிருந்து எழும்பி வருகிறது, மூக்கால் முட்டும் தூரம் வரை வந்து, ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறது. பெட்டியில் இருந்த பன்னிரண்டு ஃப்ளையையும் மாற்றிப் பார்த்தாயிற்று. "எந்த ஃப்ளை வாங்கினால் கொத்தும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டது கடையில் என்ன வாங்குவது என்று. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், சாப்பிட வந்த மீன் கடைசி நொடியில் ஏன் வேண்டாம் என்று போனது என்பதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி. அதற்கு என்னிடம் ஓரளவு நிச்சயமான பதில் இருக்கிறது. புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. மீன் இருக்கும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்களைப் பார்த்து அது பயந்து ஓடவில்லை. உங்கள் ஃப்ளையை இரை என்று நம்பி எழும்பவும் செய்திருக்கிறது. ஆரம்பக்காரர்களில் பாதிப் பேர் இவ்வளவு தூரம்கூட வருவதில்லை. கெட்டது கடைசி ஒரு சாணில்தான். அந்த ஒரு சாணில் கெடுப்பது பெரும்பாலும் ஃப்ளை இல்லை, அதைப் பிடித்து இழுக்கும் லைன்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். மீன் ஆராய்ச்சியாளன் இல்லை. வேலை நிமித்தம் குலு பக்கம் சில வருடம் இருந்தபோது பிடித்துக்கொண்ட பழக்கம் இது. பதினாறு வருடமாக விடவில்லை. தீர்த்தனும் அதன் பக்கத்து ஓடைகளும்தான் எனக்கு நன்றாகத் தெரிந்த தண்ணீர். ஏரியில் ட்ரவுட் பிடிக்கும் வித்தை வேறு, அதில் நான் கற்றுக்குட்டி. நீங்கள் நின்ற பாறையையும் நான் பார்த்ததில்லை. அதனால் கீழே சொல்வதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

நம் ஊர் ஆற்றிலும் குளத்திலும் தூண்டில் போட்டவர்களுக்கு இதில் முதலில் குழப்புவது எடை. மண்புழுத் தூண்டிலில் ஈயக்குண்டுதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது சின்ன முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சி. அதற்கு எடையே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். வீசும்போது பறப்பது தடித்த, பிளாஸ்டிக் பூசிய லைன். ஐந்தாம் எண் லைன் என்றால் அதன் முதல் முப்பது அடி ஏறக்குறைய ஒன்பது கிராம் இருக்கும். சாட்டையைச் சுழற்றுவதுபோல அந்த எடையைத்தான் பின்னுக்கும் முன்னுக்கும் கொண்டுபோகிறோம், ஃப்ளை அதன் வாலில் தொற்றிக்கொண்டு போகிறது. இது ஒரு வசதி. விலையும் உண்டு: ஃப்ளை தண்ணீரில் இறங்கும்போது அந்தத் தடித்த லைனும் கூடவே இறங்கி, உங்களுக்கும் மீனுக்கும் இடையில் ஓடும் தண்ணீர் எல்லாவற்றின் மேலும் குறுக்கே கிடக்கிறது.

இப்போது மீன் பக்கம் வருவோம். ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். வேகமான தண்ணீரில் நின்றால் தின்பதைவிடச் செலவழிப்பது அதிகமாகிவிடும். அதனால் வேகத் தண்ணீரும் மந்தத் தண்ணீரும் உரசிக்கொண்டு ஓடும் விளிம்பில், மந்தமான பக்கத்தில் நின்றுகொண்டு, வேகமான பக்கம் அடித்துக்கொண்டு வரும் இரையை எட்டிப் பிடிக்கும். பாறைக்குப் பின்னால் மட்டுமில்லை, பாறைக்கு முன்னாலும் தண்ணீர் மோதித் திரும்பும் இடத்தில் மெத்தைபோல ஒரு மந்தமான பகுதி இருக்கும். பெரிய மீன் சில சமயம் அங்கேதான் நிற்கும். மடுவின் வால் பக்கமும் பார்க்க வேண்டிய இடம்.

அங்கிருந்து அது மேலே பார்ப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பௌதிகம் என்பதால் இது உறுதி. வெளி உலகம் முழுவதும் அதற்கு ஒரு வட்டச் சாளரம் வழியாகத்தான் தெரியும். கண்ணிலிருந்து மேல்நோக்கி விரியும் 97 டிகிரிக் கூம்பு அது. அறுபது சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தச் சாளரம் சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் அகலம்தான். அதற்கு வெளியே தண்ணீரின் மேற்பரப்பு அடியிலிருந்து பார்க்கக் கண்ணாடிபோல இருக்கும். மேலே எழும்ப எழும்பச் சாளரம் சுருங்கும். வேகத் தண்ணீரில் ஒரு பூச்சி அந்த வட்டத்தைக் கடக்க ஒரு நொடி ஆகலாம். உங்கள் மடுபோல மெதுவாகச் சுற்றும் தண்ணீரில் நான்கைந்து நொடிகூட ஆகும். வேகத் தண்ணீர் மீன் யோசிக்காமல் கவ்வுவதும், மடு மீன் நின்று பார்ப்பதும் இதனால்தான்.

அந்த நான்கைந்து நொடியில் அது எதைப் பார்க்கிறது? சின்ன வயதில் வாய்க்காலில் காகிதக் கப்பல் விட்டிருப்பீர்கள். கப்பல் தண்ணீரோடு தண்ணீராகப் போகும். சுழலில் சுற்றும், ஓரத்தில் தயங்கும், திரும்பவும் கிளம்பும். அதிலேயே ஒரு நூலைக் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? கப்பல் போக வேண்டிய பக்கம் போகாது, பின்னால் சின்னதாக ஒரு கோடு கிழித்துக்கொண்டு நகரும். நிஜப் பூச்சி முதல் கப்பல். உங்கள் ஃப்ளை இரண்டாவது. மடுவின் மந்தத் தண்ணீரில் ஃப்ளை நிற்கிறது. நடுவில் ஓடும் வேகத் தண்ணீர் உங்கள் லைனை அடித்துக்கொண்டு போகிறது. லைன் ஃப்ளையை இழுக்கிறது. இதை ஆங்கிலத்தில் டிராக் என்பார்கள், நான் இழுபடுதல் என்கிறேன். கோடு கிழித்துக்கொண்டு ஓடினால் கரையிலிருந்தே தெரியும். தெரியாத அளவுக்கு, விரல் அகலம் மட்டும் இழுபட்டாலும் மீனுக்கு அது போதும். எழும்பி வந்து பார்த்துவிட்டுத் திரும்புவது அந்தச் சின்ன இழுபடுதலின் அடையாளம் என்பது என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு தடவை சரியாக இருந்திருக்கிறது. இந்தப் பத்துக்கு எட்டு என்பது நான் எண்ணி எழுதிவைத்த கணக்கு இல்லை, என் நினைவின் கணக்கு.

சோதித்துப் பார்க்க வழி சுலபம். தண்ணீரில் நுரைக் குமிழிகள் போய்க்கொண்டிருக்கும். ஃப்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குமிழியைக் குறிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தே போனால் சரி. ஃப்ளை முந்தினாலும் பிந்தினாலும் லைன் அதை இழுக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு இது புத்தி வந்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடானது. மூன்றாவது வருடம், உங்கள் மடுவைப் போலவே ஒன்று. ஒரு மத்தியானம் முழுக்க ஒரே மீன் என்னைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஃப்ளையை மாற்றினேன், இன்னும் சின்னதாக மாற்றினேன், நிறம் மாற்றினேன். அலுத்துப்போய் ஒரு வீச்சு தவறி, லைன் நடு ஆற்றில் துருத்திக்கொண்டிருந்த காய்ந்த பாறை மேல் விழுந்து அங்கேயே கிடந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு முழ நரம்பும் ஃப்ளையும் மட்டும் தண்ணீரில். சே என்று லைனைச் சுற்ற ஆரம்பித்த நேரத்தில் மீன் எழும்பி, பார்க்காமல், யோசிக்காமல் விழுங்கியது. நான் தயாராக இல்லாததால் ராடைத் தூக்குவதற்குள் துப்பிவிட்டும் போய்விட்டது. வேகத் தண்ணீர் தொட முடியாதபடி பாறை என் லைனைத் தாங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஃப்ளை, அது ஏற்கெனவே இரண்டு முறை மறுத்த அதே ஃப்ளை.

ஆகவே செய்ய வேண்டியதில் முதல் வேலை வீச்சைச் சரிசெய்வது கூட இல்லை, நிற்கும் இடத்தை மாற்றுவது. மீன் ஓட்டத்தைப் பார்த்து நிற்பதால் அதன் நேர் பின்னால் அதற்குப் பார்வை கிடையாது. கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி நடந்து போனால் நீங்கள் நினைப்பதைவிட அருகில் போகலாம். பழகியவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள்: தண்ணீர் மட்டத்திலிருந்து பத்து டிகிரிக்குக் கீழே இருப்பது மீனுக்குச் சரியாகத் தெரியாது, சாளரத்தின் விளிம்பில் நசுங்கிப்போய்விடும். ஐந்தரை அடி ஆள் நிமிர்ந்து நின்றால் ஒன்பது பத்து மீட்டரிலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடுவார். முழங்காலிட்டால் ஆறு மீட்டர் வரை போகலாம். நுரைத்து ஓடும் தண்ணீரில் இன்னும் நெருங்கலாம். அருகில் போனால் தண்ணீரில் கிடக்கும் லைன் குறையும், குறைந்தால் இழுப்பதற்கும் ஒன்றும் இருக்காது. மலை ஆற்றில் பாறைக்குப் பாறை ஐந்தாறு மீட்டர் தூரத்தில் நின்று, ராடை உயர்த்திப் பிடித்து, லைன் தண்ணீரையே தொடாமல், அதன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பான லீடர் மட்டும் படும்படி போடுவதுதான் பெரும்பாலான மீனைக் கொடுக்கும். இருபது மீட்டர் அழகாக வீசுவது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும்.

அருகே போக முடியாத இடத்தில்தான் வீச்சு வேலைக்கு வரும். லைன் காற்றில் போய்க்கொண்டிருக்கும்போதே ராடு நுனியை ஓட்டத்தின் மேல்பக்கமாகச் சாய்த்துவிட்டால், லைன் மேல்பக்கமாக வளைந்து விழும். அந்த வளைவைத் தண்ணீர் நேராக்கி முடிக்கும் வரை ஃப்ளை தானாக மிதக்கும். விழுந்த பிறகும் நுனியால் லைனை லேசாகத் தூக்கி மேல்பக்கம் புரட்டிப் போடலாம். இரண்டுமே உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுப்பது இரண்டு மூன்று நொடிதான். அது போதும். இன்னொன்று, லைனை விறைப்பாக நீட்டிப் போடுவதை வீடியோக்கள் பெருமையாகக் காட்டும். மடுவில் போடும்போது கொஞ்சம் தொளதொளவென்று, நரம்பு நெளிந்து விழும்படி போடுங்கள்.

லீடர் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு, டிப்பெட், உங்களுடையது எவ்வளவு தடிமன் என்று நீங்கள் சொல்லவில்லை. கடையில் ஃப்ளை ராடோடு சேர்த்துக் கொடுப்பது பல சமயம் மூன்று எக்ஸ், சுமார் 0.20 மில்லிமீட்டர். பதினான்காம், பதினாறாம் எண் முள்ளுக்கு ஐந்து எக்ஸ், அதாவது 0.15 மில்லிமீட்டர் கட்டுங்கள். முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் வருவதுதான் எக்ஸ் என்று ஒரு வழிக்கணக்கு. (முள்ளின் எண் கூடக் கூட முள் சின்னது, எக்ஸ் கூடக் கூட நரம்பு மெல்லியது.) மெல்லிய நரம்பை மீன் பார்க்காது என்று காரணம் சொல்வார்கள். பார்க்கிறதோ இல்லையோ, மெல்லிய நரம்பு வளைந்துகொடுக்கிறது, அதனால் இழுபடுவது குறைகிறது. நான் மெல்லியதுக்கு மாறுவது இதற்காகத்தான்.

சரி, ஃப்ளைக்கு வருகிறேன், கேட்டதே அதுதானே. இதில் உறுதியானது கொஞ்சம், சண்டை நிறைய. அளவு முக்கியம், அதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. அடுத்தது உருவமும், தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்து மிதக்கிறது என்பதும். நிறத்துக்குத்தான் ஆளுக்கொரு கட்சி. ட்ரவுட்டுக்கு நிறம் தெரியும். ஆனால் வானத்துக்கு எதிராக அண்ணாந்து பார்க்கும்போது அந்த நிறம் எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதில் ஐம்பது வருடம் மீன் பிடித்தவர்களே ஒத்துப்போவதில்லை. என் பெட்டியில் நான்கு வகைதான்: மிதப்பதில் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ்; அமிழ்வதில் ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர். ஒவ்வொன்றும் பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை மூன்று அளவில். ஆடம்ஸை 1922-இல் அமெரிக்காவில் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டினார். எந்தப் பூச்சியையும் அச்சாகக் காப்பி அடிக்காமல், சாம்பல் நிறத்தில் பொதுவாகப் பூச்சிபோல இருப்பது. நூறு வருடம் கழித்து, அவர் பார்த்திராத இமயமலைப் பூச்சிகளுக்கு நடுவிலும் அது வேலை செய்கிறது. மீன் அச்சுப்பிரதி கேட்பதில்லை என்று நான் நம்ப இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் பார்த்த, நேராக நிமிர்ந்த இறக்கையும் நீண்ட வாலும் உள்ள பூச்சி மேஃப்ளை. அது பெரும்பாலும் ஒரு வருடம்வரை தண்ணீருக்கு அடியில் கல்லைப் பற்றிக்கொண்டு நிம்ஃபாக, அதாவது இறக்கை விரியாத இளம்பூச்சியாக வாழும். பிறகு மேலே வந்து தோலுரித்து இறக்கை விரித்தால், இணை சேர்ந்து முட்டையிட்டுச் சாக ஒரு நாள், இரண்டு நாள். வளர்ந்த பூச்சிக்குத் தின்னும் வாய் கிடையாது. நம் ஊரில் மழைக்கு மறுநாள் ஈசல் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. அதே மொத்தக் கிளப்பல், அதே அவசரம், அதே சாவு. கோழி ஈசலுக்குப் பறப்பதுபோல ட்ரவுட்டும் பறக்கும்.

கோழி என்றதும் ஒரு கிளைக்கதை. இந்த ஃப்ளைகளில் தண்ணீர் மேல் நிற்க வைப்பது சேவலின் கழுத்து இறகு. பளபளக்கும் உடம்புக்கு மயில் பீலியின் இழை. பழைய ஆங்கிலேயப் ஃப்ளைகளில் கண்போல மின்னும் ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும், அது நம் தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. அதற்காகவே அந்தப் பறவையை ஒரு காலத்தில் ஏராளமாகக் கொன்று இறகை அனுப்பினார்கள். இன்று அது இங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை. அந்த இறகு இல்லாமலேயே மீன் கொத்தும்.

மேலே எழும்பாத நேரத்தில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான்கு நாளில் பெரும்பாலான நேரம் அப்படித்தான் இருந்திருக்கும். ட்ரவுட் தன் தீனியில் பெரும்பங்கைத் தண்ணீருக்கு அடியில்தான் தின்கிறது. அதற்குத்தான் அந்த இளம்பூச்சியைப் போலக் கட்டிய, அமிழும் ஃப்ளை; அதையும் நிம்ஃப் என்றே சொல்வார்கள். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றின் காவல்காரராக இருந்த ஃபிராங்க் சாயர், ஃபெசன்ட் என்ற பறவையின் வால் இறகையும் மெல்லிய செப்புக் கம்பியையும் மட்டும் வைத்துக் கட்டிய நிம்ஃப்தான் மேலே சொன்ன ஃபெசன்ட் டெயில்; நூல்கூடக் கிடையாது, எடையும் கட்டும் அந்தக் கம்பியே. நிம்ஃபில் ஃப்ளை எது என்பதைவிட ஆழம் பெரிய விஷயம். அடியில் தட்டாமல் போனால் மீன் தலைக்கு மேலேயே போய்விடும். ஐந்தாறு வீச்சில் ஒருமுறையாவது கல்லில் தட்ட வேண்டும். தட்டவில்லையென்றால் ஃப்ளையை மாற்றாதீர்கள், ஒரு சின்ன ஈயக்குண்டு சேருங்கள். அடித் தண்ணீர் மேல் தண்ணீரைவிட மெதுவாக ஓடும், அதனால் இங்கே லைனில் கட்டும் தக்கை நுரையைவிடக் கொஞ்சம் பிந்திப் போவதுதான் நல்ல அடையாளம். உங்கள் மடுவுக்கு நான் கட்டுவது இரண்டும் சேர்த்து: மேலே மிதக்கும் கேடிஸ், அதன் முள் வளைவில் இரண்டடி நரம்பு கட்டி, கீழே ஒரு ஃபெசன்ட் டெயில். மேலே இருப்பதே தக்கை வேலையும் பார்க்கும்.

மே கடைசி என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் மேலே பனி உருகிக்கொண்டிருக்கும். காலையில் தெளிவாக இருக்கும் தண்ணீர், வெயில் ஏறி அந்த உருகல் கீழே வந்து சேரும் மத்தியானத்தில் ஏறிக் கலங்கும், குளிர்ந்தும் போகும். பழுப்பு ட்ரவுட் சுறுசுறுப்பாகத் தின்பது சுமார் 10-லிருந்து 16 டிகிரி செல்சியஸ் தண்ணீரில். ஒரு சாதாரண வெப்பமானியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அது நான்கு ஃப்ளைக்குச் சமம். 20 டிகிரியைத் தாண்டினால் அந்த இடத்தில் பிடிக்காதீர்கள். தண்ணீரில் உயிர்வாயு குறைந்து, விட்ட மீனும் பிழைப்பது சந்தேகம். தீர்த்தனில் அந்தச் சூடு அரிது, ஆனால் தாழ்வான இடங்களில், கோடையில் நடக்கும். என் விருப்பம் மார்ச், ஏப்ரல். அப்புறம் மழை ஓய்ந்த செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய ஹிமாச்சலில் ட்ரவுட் பிடிக்கத் தடை, அது முட்டையிடும் காலம். மார்ச் ஆரம்பத்தில் போனால் சின்னக் கூழாங்கல் மேடுகளை மிதித்து நடக்காதீர்கள், முட்டைகள் அதற்கடியில் இருக்கலாம்.

சந்தேகத்துக்கு உரியவற்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது உங்களிடம் உறுதியாகச் சொல்வார்கள். பௌர்ணமிக்கு அடுத்த நாள் கொத்தாது, காற்றழுத்தம் இறங்கினால் கொத்தும், மேகம் போட்டால் கொத்தும். மூன்றாவதை நான் நம்புகிறேன். வெளிச்சம் குறைந்தால் மீன் துணிந்து வெளியே வரும், பூச்சியும் அதிக நேரம் தண்ணீர் மேல் இருக்கும். காற்றழுத்தம், நிலா பற்றிக் கேட்டதெல்லாம் கதை அளவில்தான், என் குறிப்புப் புத்தகத்திலும் எந்த ஒழுங்கும் வரவில்லை. உங்கள் விஷயத்திலும் ஒரு சந்தேகத்தை விட்டுவைக்கிறேன். மீன்கள் சில நேரம் முழு இறக்கைப் பூச்சியை விட்டுவிட்டு, தோலை உரிக்க முடியாமல் மேற்பரப்பில் சிக்கிய அரைப்பூச்சியை மட்டும் தின்னும். அப்போது மூக்கு வெளியே வராது. முதுகும் வாலும் மட்டும் புரளும். நீங்கள் பார்த்தது அதுவாக இருந்தால் இழுபடாமல் போட்டாலும் மறுக்கும். அதற்கும் புது ஃப்ளை வேண்டாம், ஆடம்ஸின் அடிப்பக்க இறகைக் கத்தரியால் வெட்டிவிட்டால் தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும்.

உரிமம் வாங்கினீர்களா என்று எழுதவில்லை. மீன்வளத் துறையின் உரிமம் கட்டாயம். எத்தனை மீன், எந்த அளவு, எந்தப் பகுதி என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், விதிகள் மாறும். கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவின் உள்ளே போக அனுமதி தனி. நீங்கள் பிடிக்கப் பார்க்கும் பழுப்பு ட்ரவுட் இங்கத்திய மீன் இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். 1900 வாக்கில் ஸ்காட்லாந்திலிருந்து காஷ்மீருக்கு முட்டையாக வந்தது. அங்கிருந்து 1909-இல் குலுவுக்கு. நீலகிரியில் இருப்பது வேறு இனம், வானவில் ட்ரவுட். 1863-இல் ஃபிரான்சிஸ் டே அங்கே ட்ரவுட்டைக் கொண்டுவரப் பார்த்துத் தோற்றார். 1906-க்குப் பிறகு எச். சி. வில்சன் எடுத்த முயற்சியில்தான் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்து, மீன் நிலைத்தது. "ஊட்டியிலேயே பிடிக்கலாமே, ஏன் ஹிமாச்சல்?" என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார், அந்த ஓடைகளில் பெரும்பாலானவை இன்று காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் ராடோடு இறங்க முடியாது. தீர்த்தனின் சொந்த மீன் ஸ்னோ ட்ரவுட். பெயர்தான் ட்ரவுட், கெண்டைக் குடும்பம்; கல்லில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பது. உங்கள் முள்ளில் தப்பித்தவறி மாட்டினால் அதை விட்டுவிடுங்கள்.

ஆற்றைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. தீர்த்தனில் அணை கிடையாது. ஆனால் அது லார்ஜி அருகே பியாஸில் சேருகிறது, அங்கே அணை உண்டு. 2014 ஜூனில் அந்த அணை திறந்துவிட்ட தண்ணீரில், கீழே ஆற்றுக்குள் பாறை மேல் நின்றிருந்த ஹைதராபாத் மாணவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் அடித்துச் செல்லப்பட்டார்கள். அணைக்குக் கீழே எந்த ஆற்றிலும் நடுப்பாறைக்குப் போகாதீர்கள், தண்ணீர் எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும். தீர்த்தனிலும் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் ஏறும் என்பதால், காலையில் கடந்த இடத்தைத் திரும்பக் கடக்க முடியுமா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கையில் ஒரு கம்பு இருக்கட்டும்.

அடுத்த தடவை அதே மடுவுக்குப் போனால், ராடைக் கரையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து, மீன் எழும்பும் இடத்துக்கு மேலே நுரை எந்தத் தடத்தில் போகிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு கீழ்ப்பக்கமாகச் சுற்றி வந்து, முழங்காலிட்டு, உங்களிடம் இருக்கும் பழைய ஃப்ளையையே அந்தத் தடத்தில் மீனுக்கு ஒரு மீட்டர் மேலே விடுங்கள். முள் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் செதிலை முன்கூட்டியே குறடால் நசுக்கிவிடுங்கள், விடுவிக்க ஒரு நொடி போதும். பிடித்தால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், தண்ணீரை விட்டு அதிக நேரம் வெளியே எடுக்காதீர்கள், தலையை ஓட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்திருங்கள். தயாரானதும் அதுவே உங்கள் கையிலிருந்து உதறிக்கொண்டு போகும். பிறகு என்ன ஆயிற்று என்று வந்து எழுதுங்கள், குறிப்பாகக் கொத்தவில்லை என்றால். அப்படியானால் நான் சொன்ன அந்த அரைப்பூச்சிச் சந்தேகத்தைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.